"பன்னிரண்டு கல்லுல உனக்கு எது வேணும்?" - சந்தவாசலில் இன்னும் ஓயாத ஜாக்கி சான் பஞ்சாயத்து!

வேலூரிலிருந்து போளூருக்குப் போகும் பேருந்தில் கண்ணமங்கலத்தைத் தாண்டிவிட்டால், வலது பக்க ஜன்னலில் ஜவ்வாது மலை கூடவே வரும். அந்த வழியில் இருக்கும் ஊர்தான் சந்தவாசல். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கி வண்டி மாறும் இடம். ஆடி மாதம் வந்தால் கால் வைக்க இடமிருக்காது. மற்ற மாதங்களில் சாயங்காலமானால் டீக்கடை பெஞ்ச், நிறுத்தி வைத்த பைக், கையில் போன், நாலு பேர், நாற்பது கதை.

அந்த நாலு பேருக்கும் வயது இருபத்தைந்திலிருந்து முப்பத்திரண்டுக்குள் இருந்தால், பேச்சு கிரிக்கெட்டில் தொடங்கி, சினிமாவுக்குப் போய், வேலைக்குப் போய், கடைசியில் எப்படியோ ஒரு கேள்வியில் வந்து நிற்கும்.

"பன்னிரண்டு கல்லுல உனக்கு ஒண்ணு தர்றேன்னா எதைடா எடுப்ப?"

கேள்வி புரியவில்லையா? அப்படியானால் நீங்கள் சுட்டி டி.வி பார்த்து வளராதவர். உங்கள் வீட்டிலேயே அண்ணனோ, அக்காவோ, மருமகனோ இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள். ஒரு நொடிகூட யோசிக்காமல் பதில் வரும். பதிலுக்குப் பின்னாலேயே சண்டையும் வரும்.

விஷயம், 'ஜாக்கி சான் அட்வெஞ்சர்ஸ்' என்ற கார்ட்டூன் தொடர். அமெரிக்காவில் கிட்ஸ் டபிள்யூ.பி-யில் 2000-ம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி, 2005 ஜூலையில் முடிந்தது. 5 சீசன், 95 எபிசோடு. அங்கே முடிந்துபோன கதை இங்கே அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சன் குழுமம் 2007 ஏப்ரலில் குழந்தைகளுக்காகச் சுட்டி டி.வி-யை ஆரம்பித்தது. டோரா ஒரு பக்கம் வழி கேட்டுக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் ஜாக்கி சான் தமிழ் பேசிக்கொண்டே ஜன்னல் வழியாகக் குதித்தார்.

காலமும் சரியாக அமைந்தது. 2006-ல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. அதுவரை பக்கத்து வீட்டுத் திண்ணையில் எட்டிப் பார்த்த பிள்ளைகளுக்குச் சொந்த வீட்டிலேயே 14 அங்குலத் திரை கிடைத்தது. கேபிள் இணைப்பு வந்தது. ரிமோட் அப்பா கைக்குப் போவதற்கு முன்னால், பள்ளிக்கூடம் விட்டு வரும் அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளுடையது. 2008 ஏப்ரலில் நிஜ ஜாக்கி சானே 'தசாவதாரம்' பாடல் வெளியீட்டுக்காகச் சென்னைக்கு வந்தார். பெரியவர்களுக்கு அவர் ஹாங்காங் நடிகர். வீட்டிலிருந்த வாண்டுகளுக்கோ, கல் தேடி அலையும் அந்த நீலச் சட்டைக்காரர்.

இது யாருடைய தொடர் என்பதிலேயே ஒரு வழக்கு உண்டு. 90ஸ் கிட்ஸ் தங்களுடையது என்பார்கள். 2007-ல் எட்டு வயது, பத்து வயதில் இருந்தவர்கள்தானே உட்கார்ந்து பார்த்தார்கள், அந்தக் கணக்கில் பாதிப் பேர் 2கே-வை ஒட்டிப் பிறந்தவர்கள் ஆயிற்றே என்று எதிர்க்கட்சி கேட்கும். இந்த வழக்கில் தீர்ப்பு வராது. விட்டுவிடலாம்.

கதை தெரியாதவர்களுக்கு நாலே வரி. ஜாக்கி ஒரு தொல்லியல் ஆய்வாளர். சான் பிரான்சிஸ்கோவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் பெரியவரோடு இருக்கிறார். அந்தப் பெரியவருக்கு அசலில் பெயரே கிடையாது. 'அங்கிள்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். ஹாங்காங்கிலிருந்து ஜேட் என்ற வாலுச் சிறுமியை இவர்களிடம் அனுப்பிவைக்கிறார்கள். ஷெண்டு என்ற டிராகன் அரக்கனின் சக்தி பன்னிரண்டு எண்கோணக் கற்களாகப் பிரிந்து உலகமெங்கும் கிடக்கிறது. அவற்றைத் தேடும் கும்பலின் தலைவன் வால்மாண்ட். கும்பலுக்கு முன்னால் ஜாக்கி எடுத்தாக வேண்டும்.

ஒவ்வொரு கல்லிலும் ஒரு விலங்கு, ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு சக்தி. சேவல் பொருள்களைத் தூக்கும். எருது பலம் தரும். பாம்பு மறைய வைக்கும். முயல் வேகம். குரங்கு உருமாற்றம். ஆடு, உடம்பை விட்டு ஆவியாக உலவ விடும். டிராகன் நெருப்பு, பன்றி கண்ணிலிருந்து வெப்பக் கதிர். எலி, உயிரில்லாததை அசைய வைக்கும். குதிரை காயம் ஆற்றும். நாய் சாகா வரம். புலி மட்டும் தனி. அதற்குப் பிறகு வருவோம்.

ஜேட் செய்தது சரியா?

டீக்கடையில் அதிக நேரம் ஓடும் வழக்கு இதுதான். ஜாக்கி ஒவ்வொரு முறையும் ஜேடை "இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டுப் போவார். அவள் ஒரு முறைகூட இருந்ததில்லை. பையில் ஒளிந்து, விமானத்தில் ஏறி, எதிரி கோட்டைக்குள் ஜாக்கிக்கு முன்னால் போய் நிற்பாள்.

"அவ மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தா பாதிப் பிரச்னையே வந்திருக்காது" என்பது ஒரு கட்சி. கல்லை எடுத்து விளையாடி, மாட்டிக்கொண்டு, எல்லோரையும் மாட்டிவிட்டவள் அவள்தான். இரண்டாவது சீசனில் அவள் நிழல் வீரர்களுக்கே ராணியாகி, பாதை தவறிப் போன எபிசோடை இந்தக் கட்சி முக்கியச் சாட்சியாக முன்வைக்கும். 'விளையாட்டாக ஆரம்பித்தாள், கடைசியில் ஜாக்கியையே எதிர்த்து நின்றாள். இதற்கு மேல் என்ன வேண்டும்?'

மறுகட்சியின் வாதம் எளிது. அவள் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் ஜாக்கி முதல் சீசனையே தாண்டியிருக்க மாட்டார். கடைசி நிமிடத்தில் கல்லைத் தட்டிப் பறித்தது யார்? அடைபட்டவர்களைத் திறந்து விட்டது யார்? நான்காவது சீசனில் எதிர்காலத்திலிருந்து வளர்ந்த ஜேட் வருகிறாளே, அவள் என்னவாக வருகிறாள்? செக்‌ஷன் 13 என்ற ரகசிய அமைப்பின் தலைவியாக. கேப்டன் பிளாக் இருந்த நாற்காலியில்.

இந்த வழக்கில் ஆண்கள் பெரும்பாலும் கல்லைப் பற்றிப் பேசுவார்கள், பெண்கள் ஜேடைப் பற்றிப் பேசுவார்கள். அதில் ஆச்சர்யம் இல்லை. அந்த நாளில் தமிழில் ஓடிய கார்ட்டூன்களில் சாகசம் செய்த பையன்களை விரல் விட்டு எண்ண முடியாது. அடி வாங்கி, தப்பு செய்து, திட்டு வாங்கி, மறுநாளும் கிளம்பிப் போகிற பெண் பிள்ளைகள் மிகக் குறைவு. டோராவும் பயணம் போனாள். ஆனால், அவள் தப்பே செய்ய மாட்டாள். ஜேட் தப்பு செய்தாள். 'வெளியே போகாதே, இருட்டிவிட்டது, அண்ணன் போய் வாங்கிட்டு வருவான்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, "இங்கேயே இரு" என்ற வசனத்தின் எடை வேறு. அதை ஒரு கார்ட்டூன் சிறுமி தினமும் சாயங்காலம் மீறிக்காட்டினாள் என்பது சின்ன விஷயமா என்ன?

பெற்றோர் தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 'இதைப் பார்த்துத்தான் மெத்தையிலிருந்து குதித்துக் கையை உடைத்துக்கொண்டான்' என்று சொல்லும் அம்மாக்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்களிடம் போய், அத்தனை அடி உதைக்கு நடுவில் ஜாக்கி எப்போதும் சண்டையைத் தவிர்க்கத்தான் பார்ப்பார், நாற்காலியும் ஏணியும் கையில் கிடைத்ததால்தான் அடிப்பார் என்று விளக்க முடியுமா? ஒவ்வொரு எபிசோடும் முடிந்ததும் நிஜ ஜாக்கி சான் வந்து, பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி அசல் தொடரில் உண்டு. அதைப் பொறுமையாகப் பார்த்த பெற்றோர் குறைவு.

டோருவுக்கு மன்னிப்பு உண்டா?

முதல் சீசனில் வால்மாண்டின் வலதுகை டோரு. சுமோ வீரர் உடம்பு. கதவு வழியாக வராமல் சுவர் வழியாக வருவார். ஜாக்கியைத் தூக்கிப் போட்டு மிதித்தவர். அப்படிப்பட்டவர் சீசன் முடியும்போது அணி மாறுகிறார். அதன்பிறகு அங்கிளின் கடையில், அதே பழம்பொருள் அலமாரிக்கு நடுவே, மந்திரம் கற்கும் சீடராக உட்கார்ந்திருக்கிறார்.

இங்கேதான் சூடு பிடிக்கும். 'வேலை போன கோபத்தில் இந்தப் பக்கம் வந்தவன், அதற்குப் பெயர் திருந்தியதா?' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால், தொடர் இதைக் கையாண்ட விதத்தைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். டோரு மன்னிப்புக் கேட்டு வசனம் பேசுவதில்லை. அடுத்த நாலு சீசனும் வேலை செய்கிறார். அங்கிள் திட்டுவதை வாங்கிக்கொள்கிறார். காய்ந்த பல்லியையும் உப்பிய மீனையும் தேடி எடுத்துக் கொடுக்கிறார். முதலில் தன்னைக் கண்டு ஓடிய ஜேடுக்கு, பிறகு தோள் கொடுக்கிறார். அவருடைய அம்மா வந்து அங்கிளோடு சரிக்குச் சரி மல்லுக்கு நிற்கும்போது, நடுவில் நின்று விழிக்கும் அந்த மலை மாதிரி மனிதரைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளை கிடையாது. எப்போது அவரை மன்னித்தோம் என்று யாருக்கும் தெரியாது. நல்ல கதாபாத்திரம் அப்படித்தான் மனதுக்குள் வரும்.

கடைசி பெஞ்ச், அடங்காதவன், உருப்படாதவன் என்று ஒரு முத்திரை விழுந்துவிட்டால் பத்தாம் வகுப்பு வரை அது போகாது. அப்படி முத்திரை குத்தப்பட்ட பையன்களுக்கு டோருவை ஏன் பிடிக்கும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. டோரு கட்சியில் வாதாடுகிறவர்களில் சிலர் கார்ட்டூனுக்காக மட்டும் வாதாடவில்லை.

வால்மாண்ட் வேறு ரகம். அரக்கனோடு கூட்டு வைத்து, புதையலுக்கு ஆசைப்பட்டு, கடைசியில் அந்த அரக்கனின் ஆவியே தன் உடம்புக்குள் புகுந்து பாதி ஆளாக அலைந்தவர். இரண்டாவது சீசனில் ஒரே வாயில் இரண்டு பேர் சண்டை போடும் காட்சிகள் அத்தனையும் சிரிப்பு. ஆங்கிலத்தில் அந்தக் குரலைக் கொடுத்தவர்களில் ஒருவரான ஜூலியன் சாண்ட்ஸ், 2023-ல் கலிபோர்னியாவில் மலையேறப் போன இடத்தில் காணாமல் போய், சில மாதங்கள் கழித்து இறந்ததாக உறுதி செய்யப்பட்டார். அந்தச் செய்தியை வேறு எதற்கோ போனைத் திறந்தபோது பார்த்து, 'அட, நம்ம வால்மாண்ட்' என்று நின்றவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு.

புலிக் கல்லும் படவேடும்

இப்போது புலி. நன்மை, தீமை இரண்டையும் சமநிலையில் வைத்திருப்பது அந்தக் கல்லின் வேலை. அது இரண்டாக உடைந்ததும் ஜாக்கியும் இரண்டாகிறார். ஒருவர் அநியாயத்துக்குச் சாது, எறும்பைக்கூட மிதிக்க மாட்டார். இன்னொருவர் முரடர், நேராகப் போய் எதிரி கும்பலோடு சேர்ந்துவிடுகிறார். குழந்தைகளுக்கு அது வெறும் டபுள் ஆக்‌ஷன் தமாஷ். வளர்ந்த பிறகு யோசித்தால்தான் உறுத்துகிறது. அந்த முரடர் வெளியிலிருந்து வந்தவர் இல்லையே, அவரும் ஜாக்கிதானே? அந்தச் சாதுவால் தனியாக ஒன்றும் செய்ய முடியவில்லையே?

இதோடு சேர்த்து அங்கிளின் ஓயாத கொள்கை ஒன்று உண்டு. மந்திரத்தை மந்திரத்தால்தான் தோற்கடிக்க முடியும். தமிழ் மீம்ஸ் உலகில் இன்று வரை சாகாமல் இருப்பது இதுதான். தேர்தல் கூட்டணி முதல் மாமியார் மருமகள் வரை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தியாகிவிட்டது. ஆனால், தொடரே இந்தக் கொள்கையை எவ்வளவு தூரம் நம்புகிறது என்பதில்தான் வாதம். மூன்றாவது சீசனில் கற்கள் அழிகின்றன, சக்தி அழிவதில்லை. அது உயிருள்ள விலங்குகளுக்குள் போய்ச் சேர்கிறது. ஷெண்டு போனால் அவன் உடன்பிறந்த அரக்கர்கள், பிறகு முகமூடிகள், பிறகு ஷெண்டுவின் மகன் டிராகோ என்று புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கிறது. மந்திரத்தால் மந்திரத்தைத் தோற்கடித்து யார் நிம்மதியாக இருந்தார்கள் என்று ஒருவர் கேட்க, அதற்கு இன்னொருவர், அப்போ சும்மா விட்டிருந்தா உலகமே போயிருக்குமே என்பார். இரண்டு டீ கூடுதலாகும்.

இந்த மாதிரி பேச்சு இந்த மண்ணுக்குப் புதிதா? சந்தவாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் படவேடு. அங்கே ரேணுகாம்பாள் கதையே பெரிய வழக்குதான். தந்தை ஜமதக்னி சொன்னார் என்பதற்காகத் தாயின் தலையை வெட்டினார் பரசுராமர். பிறகு வரம் கேட்டு உயிர்ப்பித்தார். அப்பா பேச்சைக் கேட்டது சரியா, அம்மாவை வெட்டியது சரியா? கோயிலுக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்திலும் ஏதோ ஒரு குழந்தை இதைக் கேட்டிருக்கும். பெரியவர்கள் பதில் சொல்லத் தடுமாறியிருப்பார்கள். பக்கத்தில் ஓடும் ஆற்றுக்குக்கூட அந்த முனிவரின் கமண்டலத்தை வைத்துத்தான் கமண்டல நதி என்று பெயர்.

திருவண்ணாமலை மாவட்டம் தெருக்கூத்தின் தாய்வீடு. செய்யாறு பக்கத்துப் புரிசை கூத்துக்கே பேர்போன ஊர். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து, கடைசி நாள் படுகளம். தரையில் மண்ணால் செய்த பிரமாண்ட துரியோதனன் படுத்திருப்பான். பாஞ்சாலி சபதம் முடியும். ஊரே கொண்டாடும். ஆனாலும், அதே கூட்டத்தில் துரியோதனனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடுகிற பாட்டியும் இருப்பார். 'என்ன இருந்தாலும் கர்ணனை மதிச்சவன் அவன் ஒருத்தன்தானே' என்பார். விடிந்ததும் திண்ணையில் அதைப் பற்றி வாக்குவாதம். கர்ணன் செய்தது நன்றியா, தப்புக்குத் துணை போனதா? கூத்தாடியவர்கள் வேஷம் கலைத்து ஊருக்குக் கிளம்பிய பிறகும் ஓயாத பேச்சு அது.

அந்தத் திண்ணைக்காரர்களின் பேரப்பிள்ளைகள்தான் இந்த டீக்கடைக்காரர்கள். கர்ணன் இருந்த இடத்தில் டோரு. வேப்பிலையும் விபூதியும் வைத்துப் பேயோட்டும் பூசாரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கையில் காய்ந்த பல்லியோடு "யூ மோ க்வாய் க்வாய்" என்று மந்திரம் ஓதும் கிழவர் அந்நியமாகப் படவில்லை. அந்த மந்திரம் ஏதோ புரியாத உளறல் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். அது கான்டோனீஸ் மொழி. 'பேய் பிசாசுகளே, சீக்கிரம் ஓடிப் போங்கள்' என்று அர்த்தம். பூசாரி சொல்வதும் அதைத்தானே?

யார் அந்தக் குரல்?

இத்தனை நெருக்கத்துக்கும் முக்கியக் காரணம் தமிழ்க் குரல்கள். அசலில் ஜாக்கிக்குக் குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் சீ, ஷெண்டுவுக்கும் அவரே. ஜேடுக்கு ஸ்டேசி சான், அங்கிளுக்கு சாப் ஷிமோனோ. இந்தப் பெயர்கள் எல்லாம் இணையத்தில் தட்டினால் நொடியில் வந்து விழும். தமிழில் அந்தக் கிழவரைச் சிடுசிடுக்க வைத்தவரையும், ஜேடை வாயாட வைத்தவரையும் ரசிகர்களுக்குக் குரலாக மட்டுமே தெரியும். டப்பிங் கார்ட்டூன்களில் கடைசியில் ஓடுவது அசல் பெயர்ப் பட்டியல்தான். சினிமாவில் ஒரு ஹீரோயினுக்குப் பின்னணி பேசியவர் பெயர் டைட்டிலில் வரவேண்டும் என்று கேட்கிற நாம், நம் பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் தினமும் பேசியவர்களுக்காக அதைக் கேட்டதில்லை.

அவர்கள் செய்தது லேசான வேலையும் இல்லை. ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்ற ஒரு சொல் போதும். தமிழில் அப்பா வழியா, அம்மா வழியா, மூத்தவரா, இளையவரா என்று தெரியாமல் ஒரு உறவைக் கூப்பிட முடியாது. யார் யாரை வாடா போடா என்பார், யார் வாங்க போங்க என்பார் என்று ஒவ்வொரு வசனத்துக்கும் முடிவெடுக்க வேண்டும். உதடு மூடும் நேரத்துக்குள் அதை அடக்கவும் வேண்டும். அதை அவர்கள் ஒழுங்காகச் செய்ததால்தான், சான் பிரான்சிஸ்கோவில் நடக்கும் கதை சந்தவாசல் வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல இருந்தது.

அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று ஊரில் இல்லை. சென்னை, பெங்களூரு, ஓசூர் என்று வேலைக்குப் போய், பொங்கலுக்கும் ஆடித் திருவிழாவுக்கும் வருகிறார்கள். சிலருக்குக் கல்யாணமாகி, மடியில் உட்காரும் குழந்தை கையில் போனைக் கேட்கிறது. அந்தப் போனில் ஓடும் கார்ட்டூனில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று அப்பாவுக்குத் தெரிவதில்லை. பழைய ஜாக்கி சான் துண்டு ஒன்றைத் தேடிப் போட்டுக் காட்டினால், குழந்தை இரண்டு நிமிடம் பார்க்கும். பிறகு, "இது யாருப்பா, தாத்தாவா?" என்று அங்கிளைக் காட்டும்.

பன்னிரண்டு கல் கேள்விக்கு வருவோம். பள்ளிக்கூட நாளில் பதில் பெரும்பாலும் முயல். மணி அடித்ததும் முதல் ஆளாக வீட்டுக்கு வந்து டி.வி போட வேண்டுமே! பரீட்சை நாளில் பாம்பு. அடி வாங்கிய நாளில் எருது. காலேஜ் வந்ததும் குரங்கு என்று சொன்னவர்களும் உண்டு. காரணம் கேட்டால் சிரிப்பார்கள்.

இப்போது அதே பெஞ்சில் அதே கேள்வியைப் போட்டால், முயல் என்று சொல்ல ஆள் குறைவு. நாய்க் கல்லை எடுப்பேன் என்று ஒருவர் சொன்னால், எல்லோரும் போன பிறகு நீ மட்டும் இருந்து என்னடா பண்ணுவ என்று உடனே வெட்டுவார்கள். எலிக் கல்லைச் சொன்னவர் கொஞ்சம் நிதானித்து, அது பொம்மைக்குத்தான் வேலை செய்யும் இல்ல என்று தானே திருத்திக்கொள்வார். சர்க்கரைக்கும் முட்டி வலிக்கும் அப்பாவை, அம்மாவை மாதா மாதம் வேலூருக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப் போகிற வயது வந்தவர்கள், அதிகம் யோசிக்காமல் குதிரை என்கிறார்கள்.

"எனக்கும் அதான். ஆனா ஒரே கல்லுதானடா இருக்கு, அதை யார் வீட்ல வெச்சிக்கிறது?"

அடுத்த பஞ்சாயத்து ஆரம்பம்.